தையல் கடையின் வரலாறு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மயிலாப்பூரிலோ புரசைவாக்கத்திலோ தாத்தா போட்ட தையல் கடை. அப்பா நடத்தினார். இப்போது பேரப்பிள்ளைகள் அதன் கதையை எழுதி வைக்க நினைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எழுதி முடித்தால் பெரும்பாலும் அது முதலாளியின் கதையாகத்தான் இருக்கிறது. பெரிய தவறு இதுதான்.

துணியை வெட்டிய கட்டிங் மாஸ்டர் யார்? பீஸ் ரேட்டுக்கு மெஷினில் உட்கார்ந்தவர்கள் யார் யார்? காஜா (பட்டன் துளை) எடுத்த பையன்கள் பிறகு எங்கே போனார்கள்? இராத்திரி வீட்டில் ஹெம்மிங் செய்து, ஹூக் தைத்து, பட்டன் கட்டிக் கொடுத்த பாட்டியும் அத்தையும் போர்டிலும் கிடையாது, பில்லிலும் கிடையாது. அவர்கள் கை படாமல் ஒரு தீபாவளி டெலிவரியும் போயிருக்காது. வாரக் கூலி நோட்டு இருந்தால் முதலில் அதை எடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயரையும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிக் கேளுங்கள். உங்கள் தாத்தா யாரிடம் தொழில் கற்றார், உங்கள் கடையில் கற்றவர்கள் எங்கெங்கே தனிக்கடை போட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது ஒரு தொழிலின் வரலாறு ஆகும்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. குடும்பத்தில் சொல்லும் ஆண்டை அப்படியே எழுதிவிடாதீர்கள். பழைய பில் ஒன்று கிடைத்தால் போதும், அதிலேயே நிறைய இருக்கிறது. தையல் கூலி ரூ. 3-8-0 என்று இருந்தால் அது மூன்று ரூபாய் எட்டணா. 1957 ஏப்ரல் 1-இல் அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்தது. அணாக் கணக்கு அதற்குப் பிறகும் சில காலம் பேச்சில் இருந்தது. துணி கெஜத்திலா மீட்டரிலா என்று பாருங்கள். 1960-களின் தொடக்கத்தில் மீட்டர் நிலைபெற்றது. முகவரி ‘மெட்ராஸ்-17’ என்று முடிந்தால், அந்தத் தாள் பெரும்பாலும் 1972-க்கு முன் அச்சானது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-இல்தான் பின்கோடு வந்தது, தி.நகர் 600017 ஆனது. ஆனால் ‘மவுண்ட் ரோடு’ என்று இருப்பதை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. அண்ணா சாலை என்று பெயர் மாறிப் பல பத்தாண்டு ஆகியும் அந்தப் பழைய பெயர் நம் வாயில் இருக்கிறது.

மெஷினிலும் இதே குழப்பம் வரும். சிங்கர் மெஷினின் வரிசை எண்ணை வைத்து அது தயாரான ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதுவே கடை தொடங்கிய ஆண்டு ஆகிவிடாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கலாம், தவணையில் வாங்கிய வேறொருவரிடமிருந்து கை மாறி வந்திருக்கலாம்.

கோடம்பாக்கம் பக்கம் கடை வைத்திருந்தவர்கள் ஏதாவது ஒரு நடிகருக்குத் தைத்த கதை சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். அளவு நோட்டில் பெயரோ, படக் கம்பெனி கொடுத்த ஆர்டர் தாளோ இருந்தால் உறுதியாக எழுதுங்கள். இல்லையென்றால் ‘அப்பா சொல்வார்’ என்று போட்டுவிடுங்கள்.

‘ரெடிமேட் வந்தது, தொழில் படுத்தது’ என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியில்லை. சட்டையும் பேண்ட்டும் குறைந்தன, சரி. பிளவுஸ், ஸ்கூல் யூனிஃபார்ம், ஆல்டரேஷன் எல்லாம் நின்றுவிடவில்லையே! கடை வாடகை ஏறியது, நல்ல கைகள் மாதச் சம்பளத்துக்காக எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குப் போனது, படித்த பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனது என்று காரணங்கள் பல இருக்கும். உங்கள் கடையை எது எந்த ஆண்டு பாதித்தது என்று பிரித்துக் கேளுங்கள்.

அளவு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவது திருத்தவே முடியாத தவறு. 1970-களில் பெல்பாட்டம் வந்தபோது பாட்டம் அளவு எப்படி விரிந்தது, பிறகு எப்போது சுருங்கியது என்பதை அந்தப் பக்கங்கள் இஞ்ச் கணக்கில் சொல்லும். கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்தவரே பத்து வருஷம் கழித்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார், அதுவும் அங்கே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட காகிதங்கள் கூழாகிப் போயின. இன்றைக்கே செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஆனால் வாடிக்கையாளர் பெயரோடு உடல் அளவை வெளியிடக் கூடாது. பெண்களின் அளவு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் நம்பிக் கொடுத்த அளவு அது.

அப்புறம், பழைய மாஸ்டர்களைப் பேட்டி எடுக்கத் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள். இன்னும் மெஷினில் உட்காருபவர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. முகூர்த்தம் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோ போங்கள். வெறுங்கையோடு போகாமல் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காலரைத் திருப்பிப் பார்த்ததுமே யார் வெட்டியது, எந்த மெஷினில் ஓட்டியது என்று அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.