பூங்கா மேசைக்கு ஏற்ற பிளாஸ்டிக் விரிப்பு

அமெரிக்க, கனடியப் பூங்காக்களில் பெஞ்சோடு இணைந்திருக்கும் மர மேசைகள் பெரும்பாலும் 6 அடி நீளமும் ஏறத்தாழ இரண்டரை அடி அகலமும் கொண்டவை என்பதால், 54 அங்குல அகலமும் 108 அங்குல நீளமும் உள்ள சாதாரண விரிப்பு பக்கவாட்டில் ஓர் அடியும் முனைகளில் ஒன்றரை அடியும் தொங்கும். காற்று முதலில் பிடிப்பது அந்தத் தொங்கலைத்தான். ஒருமுறை விரித்து எறியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைவிட, அடிப்புறம் துணி ஒட்டிய வினைல் விரிப்பையே நான் பரிந்துரைப்பேன். அது எளிதில் வழுக்காது, துடைத்து மடித்து மீண்டும் பயன்படுத்தலாம். ஓரத்தில் எலாஸ்டிக் தைத்தவை இன்னும் வசதியானவை, ஆனால் மேசையின் அளவு சரியாகத் தெரிந்தால் மட்டுமே அவற்றை வாங்க வேண்டும்.

விரிப்பை மேசையோடு பிடித்துவைக்கும் கிளிப் வாங்குமுன் மேசைப் பலகையின் தடிமனைக் கவனியுங்கள். பூங்காப் பலகை பொதுவாக ஒன்றரை அங்குலம் இருக்கும்; வீட்டு மேசைக்கான சிறிய கிளிப்புகள் அதில் ஏறுவதில்லை. அகன்ற வாயுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகளை மூலைகளில் மட்டுமன்றிக் காற்று வரும் பக்கத்தின் நடுவிலும் மாட்டுவது நல்லது. சொரசொரப்பான, ஈரமான மரத்தில் ஒட்டுநாடா நிற்காது (பலரும் முதலில் தேடுவது என்னவோ அதைத்தான்). கிளிப் கிடைக்காவிட்டால், விரிப்பின் மேல் குறுக்காக இரு இடங்களில் கயிற்றைச் சுற்றி மேசைக்கு அடியில் இறுக முடிச்சிடலாம். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைத்தால் வினைல் இளகிவிடும் என்பதால், அதற்கடியில் ஒரு மரப் பலகை தேவை.