காரின் உள் பிளாஸ்டிக்குக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பது எப்படி

திருநெல்வேலி வெயிலில் வெளுத்துப்போன டோர் டிரிம், கியர் பக்கத்துப் பட்டை, ஏசி வென்ட் சட்டம் எல்லாவற்றையும் வீட்டிலேயே அடித்துவிடலாம். ஏர்பேக் மூடியை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

பாதி வேலை கழுவுவதில்தான் இருக்கிறது. டேஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிகான் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் குழிகுழியாக விலகி நிற்கும், அதனால் பட்டையைக் கழற்றிப் பாத்திர சோப்பும் பழைய பிரஷும் போட்டு இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியில் அழுக்கு ஏறுவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். அப்புறம் 600 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகத் தேய்த்தால் போதும்.

பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பிபி (PP) என்று பொறித்திருந்தால் அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், வெறும் பெயிண்ட் நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும். பெயிண்டைப் பிடித்து நிற்க வைக்கும் அட்ஹீஷன் புரமோட்டர் ஒரு கோட் கட்டாயம். ஏபிஎஸ் (ABS) என்ற வேறு வகை பிளாஸ்டிக் என்றால், அடிக்கோட்டாகப் பிளாஸ்டிக் பிரைமர் போதும்.

ஆடிக் காற்றில் வெளியே அடித்தால் புழுதிதான் ஒட்டும், ஐப்பசி மழை ஈரத்தில் பெயிண்ட் வெளிறும். காற்று எழும்பும் முன், காலையிலேயே, மாஸ்க் போட்டுக்கொண்டு, ஸ்ப்ரே பெயிண்ட் கேனை ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்லிசாக 3 கோட், நடுவே 10, 15 நிமிடம் விட்டு அடியுங்கள். நிறம் எதுவானாலும் மேட்தான் என் ஓட்டு. பளபளப்பானது எதிர் வெயிலில் கண்ணாடியில் பிரதிபலித்துத் தொல்லை கொடுக்கும். ஒரு நாளாவது காயவிட்டு மாட்டுங்கள்.