பழைய ஜப்பானிய பூக்கூடை: எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள்

பழைய மூங்கில் பூக்கூடையை வெயிலில் வைக்கக் கூடாது, மேலே பாரம் ஏற்றக் கூடாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடையைக் கெடுப்பது பெரும்பாலும் அக்கறையோடு செய்யும் காரியங்கள்தான்.

எண்ணெய் பூசுவது

கூடை மங்கி, வறண்டு தெரிகிறது. துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்ததும் பளபளக்கிறது. புதிதாகச் சேகரிப்பவர்கள் அலுக்காமல் செய்வது இதைத்தான்; பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். மூங்கிலின் மேல்தோல் வழவழப்பானது, எண்ணெயை உள்ளே இழுக்காது. சிம்புகள் குறுக்கே பின்னும் இடுக்குகளில் எண்ணெய் தங்கி, நாளாவட்டத்தில் பிசுபிசுத்து, தூசியோடு சேர்ந்து இறுகிவிடும். அடியில் கூரிய முனையால் கீறிய கையொப்பமும் அடைந்துபோகும். அதைக் கரைத்தெடுக்கப் போனால், மேலிருக்கும் உருஷி மரப்பால் பூச்சுக்கும் ஆபத்து.

இதற்குத் தம்பிதான் ஈரத்துணி. இடுக்கில் மண்நிறமாகப் படிந்ததெல்லாம் அழுக்கல்ல. பழமைச் சாயலுக்காகச் சில கைவினைஞர்களே உருஷியின் மேல் மண்பொடி தூவியிருப்பார்கள். தேய்த்தால் போயிற்று. வெளிச்சத்தில் முதிர்ந்த உருஷியோ தண்ணீர் பட்டாலே வெளுக்கக்கூடும்.

வேண்டியது மெல்லிய ஆட்டுமயிர்த் தூரிகை மட்டுமே. சிம்பு ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். கிளம்பும் தூசியை, வலைத்துணி கட்டிய வாக்குவம் கிளீனர் குழாயைக் குறைந்த வேகத்தில் சற்றுத் தள்ளிப் பிடித்து உறிஞ்சுங்கள். பிளந்த சிம்பில் தூரிகை மாட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.

உள்குழாயை நம்புவது

பூவுக்குத் தண்ணீர் நிற்பது ‘ஒதோஷி’ என்ற மூங்கில் உள்குழாயில். பல ஆண்டு காய்ந்து கிடந்தால் அது வெடித்திருக்கும். முதலில் குழாயை வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றி, டிஷ்யூ தாளின் மேல் ஒரு நாள் நிறுத்துங்கள். தாள் நனைந்தால் உள்ளே அளவான கண்ணாடிக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். பழைய குழாயை எறியாதீர்கள். அது கூடையின் பாகம்.

கையொப்பத்தைப் பார்த்ததும் காசைக் கொடுப்பது

ஒசாகா வட்டாரத்தில் முதலாம் ஹயகாவா ஷோகோசாய் (1815–1897) தம் கூடைகளில் பெயர் பொறித்த முன்னோடி. ஆனால் அந்தப் பெயர் ஐந்து தலைமுறைக்கு வந்தது. சாக்காய் நகரின் தனாபே சிக்குன்சாய் பெயரோ இப்போது நான்காமவரிடம் இருக்கிறது. பெயர் சரியாகவே இருந்தாலும் எந்தத் தலைமுறை என்பதில் விலை பல மடங்கு மாறும். கூடையோடு வரும் ‘தோமோபாகோ’ என்ற மரப்பெட்டியின் மூடி எழுத்தையும் கூடையின் எழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வேறு கூடையின் பெட்டி வந்து சேர்ந்திருக்கலாம்.

கருமை எல்லாம் சுசுதாகே (புகையூறிய மூங்கில்) என்பது

இல்லை. சாயம் ஏற்றிய மூங்கிலும் உண்டு. கூரைவீட்டு அடுப்புப் புகையில் தலைமுறைக் கணக்கில் ஊறிய சுசுதாகேயில், கயிறு கட்டியிருந்த இடம் வெளிறித் தெரியும்.

அடியில் உதிரும் பொடியைத் துடைத்துவிட்டு மறப்பது

துடைத்த இடத்தில் கறுப்புத் தாள் விரியுங்கள். மறுபடி வெளிர்பொடி விழுந்தால் மூங்கிலைத் துளைக்கும் வண்டு உயிரோடிருக்கிறது. அந்தக் கூடையை மற்றவற்றிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவது

வேண்டாம். அடியில் இரு கையும்.