ஊரடங்குல ஏறுன வெயிட்ட இறக்கணுமா, நாலு மணி காப்பில கைய வைங்க

2021ல கொரோனா ரெண்டாவது ஊரடங்கு முடியதுக்குள்ள நம்ம திருநெல்வேலில பாதிப் பேருக்கு பேண்ட் பட்டன் மாட்டல, கேட்டா "வீட்லயே கெடக்கேம்லா, அதாம்"ன்னாவ. இன்னொரு பக்கம் கொரோனா வந்து போனவங்க கன்னம் ஒட்டிப்போயி, சட்டைய ஹேங்கர்ல மாட்டுன மாதிரி நடமாடுனாவ. ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் கெடையாது, அதனால ஏறுனவங்களுக்கு முதல்ல சொல்லிட்டு எளச்சவங்களுக்கு அப்புறம் வாறேன்.

மொதல்ல அளக்கணும். வெயிட் மெஷின் இல்லன்னா பரவால்ல, தையக்காரங்க வச்சிருக்க இஞ்சு டேப் போதும். காலைல வெளிக்கி போய்ட்டு வந்து, காப்பி கூட குடிக்கதுக்கு முன்னாடி, வெலா எலும்பு முடியுற எடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப்ப சுத்துங்க, மூச்ச சாதாரணமா வெளிய விட்டுட்டு அளங்க, வயித்த உள்ள இழுக்காதீங்க, அங்க யாரும் பாக்கல. ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80, இதான் நம்ம நாட்டு ஒடம்புக்கு டாக்டர்மார் போட்டிருக்க கோடு, அதத் தாண்டிட்டா சுகர், பிரஷர் வாறதுக்கு வாய்ப்பு கூடும். நம்மாளுங்களுக்கு கை கால் ஒல்லியா இருக்கும், கொழுப்பு பூரா வயித்துலதான் ஏறும், அதனால மெஷின் காட்டுற கிலோவ விட இந்த டேப்ப நான் நம்புவேன். மெஷின் இருக்கவங்க தெனமும் ஏறி நின்னு மனச கெடுத்துக்காதீங்க, முந்தின நாள் தின்ன உப்புக்கும் குடிச்ச தண்ணிக்குமே ஒரு கிலோ கூடும் கொறையும், வாரத்துல ஒரே கெழமை, ஒரே நேரம், அவ்ளோதான்.

இப்ப எதனால ஏறுச்சுன்னு பாப்போம். எல்லாரும் மத்தியானச் சோத்து மேல பழியப் போட்டாவ. சோறு ஊரடங்குக்கு முன்னாடியும் அதே சோறுதான, அதே சொதிதான (தேங்காப்பால் கொழம்பு), ஞாயித்துக்கெழமை அதே கறிதான? மாறுனது ரெண்டு விஷயம். ஒண்ணு நட போச்சு. ஜங்ஷன்ல பஸ்ஸ பிடிக்க ஓடுனது, டவுன்ல ரதவீதிய சுத்தி சாமான் வாங்குனது, நெல்லையப்பர் சன்னதில கும்பிட்டுட்டு சங்கிலி மண்டபம் வழியா அம்பாள் சன்னதிக்கு நடந்தது, இதெல்லாம் எக்சர்சைஸ்னு நாம கணக்குலயே வச்சதில்ல, மொத்தமா நின்ன பெறவுதான் தெரிஞ்சுது. 2020ல நெல்லையப்பர் கோயில் ஆனித்தேரே ஓடலைன்னா நாம எங்கன நடந்திருக்கப் போறோம். ரெண்டாவது, எல்லாரும் வீட்ல இருந்ததால சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தனி விருந்தே நடந்துச்சு.

அந்த நாலு மணிய கொஞ்சம் கிட்டக்க பாருங்க. காப்பி வரும், அதுல ரெண்டு ஸ்பூன் சீனி. டப்பா தெறக்கும் சத்தம் கேட்டதும் பட்டாசல்ல (முன் ஹால்ல) இருக்க எல்லாரும் வந்துருவாவ, முறுக்கு, தட்டை, காரச்சேவு, மிக்சர், டிவில செய்தி ஓடும், கை அதுபாட்டுக்கு டப்பாக்குள்ள போய்ட்டு வரும். 100 கிராம் மிக்சர்ல கிட்டத்தட்ட 500 கலோரி இருக்கு, அத நடந்து கரைக்கணும்னா ரெண்டு மணி நேரம் கிட்ட வேகமா நடக்கணும், யாரு நடக்கா? அப்புறம் அஞ்சரைக்கு இன்னொரு காப்பி. இதுக்கெல்லாம் சேத்துதான் பாவம் அந்த மத்தியானச் சோறு ஏச்சு வாங்குது.

அதனால செய்ய வேண்டியது, டப்பாவோட உக்காரக்கூடாது. ஆளுக்கு ஒரு சின்ன கிண்ணம், அதுல ஒரு கைப்பிடி, டப்பா திரும்ப அடுப்பாங்கரை மேல் தட்டுக்குப் போயிரணும், ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்கணும்ங்க மாதிரி வைங்க, பாதி நாள் சோம்பேறித்தனமே நம்மள காப்பாத்திரும். வாரத்துல நாலஞ்சு நாள் அவிச்ச நெலக்கடல, தட்டப்பயறு சுண்டல், வெள்ளரிக்கா, கெடச்சா நுங்கு. காப்பில சீனிய ஒரேயடியா நிறுத்தாதீங்க, நிறுத்துனா நாலாம் நாள் கோவத்துல மூணு ஸ்பூன் போடுவிய, ரெண்ட ஒன்ற ஆக்குங்க, அடுத்த வாரம் ஒண்ணு. கருப்பட்டி போட்டா ஏறாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, கருப்பட்டில ருசி உண்டு, ஆனா அதுவும் இனிப்புதான், கலோரி பெருசா கொறஞ்சிராது. 2021ல ரேஷன்ல குடுத்த 14 பொருள் பைய வாங்கிட்டு வந்ததும் ரவையும் சீனியும் கண்ணுல பட்டுச்சு, ஒடனே கேசரி கிண்டத் தோணுச்சு, வீட்ல ரவை இருந்தா அத உப்புமாவுக்கு விடுங்க அண்ணாச்சி, காய் நெறையப் போட்டு.

சோத்த நிறுத்த வேண்டாம், தட்டுல வரிசைய மாத்துங்க. காய்கறி வண்டி தெருவுக்குள்ள வரும்போது அவரைக்கா, பீர்க்கங்கா, பூசணிக்கான்னு எது வருதோ அத வாங்கி, மொதல்ல வெஞ்சனத்த (காய்கறிக் கூட்டு, பொரியல) தட்டுல பாதி வச்சிட்டு மிச்ச எடத்துல சோறு போடுங்க. ஒரு வேளையாவது பருப்பு, முட்ட, மீனு, இல்லன்னா காணத்துவையல் (கொள்ளுத் துவையல்) வேணும், புரதம் இல்லாம வெறும் பட்டினி கெடந்தா கொழுப்போட சேந்து தசையும் கரையும். சொதி வைக்க அன்னைக்கு தேங்காப்பாலும் உருளக்கெழங்கு சிப்ஸும் சேந்து வரும்லா, அன்னைக்கு சிப்ஸ மட்டும் பாதியாக்குங்க, சொதிய விடச் சொல்ல எனக்கு மனசு வரல. அல்வாவும் அப்படித்தான், கால் கிலோ வாங்கி வீட்ல எல்லாரும் பங்கு வச்சா ஒண்ணும் ஆவாது, ஒரு ஆளு தனியா பிரிச்சு முடிச்சாத்தான் வினை.

நடக்கதுக்கு ரோட்டுக்குப் போக முடியலன்னா மொட்டமாடி இருக்கு. காலைல ஆறு மணி, இல்லன்னா வெயில் தாந்து அஞ்சரைக்கு மேல, செருப்பு போட்டுக்கோங்க, தரை சூடு லேசுல போவாது. சின்ன மாடின்னா ஒரே பக்கமா சுத்துனா தல சுத்தும், 8 போட்டு நடங்க. வேகம் எவ்ளோன்னா, பக்கத்துல வாறவங்களோட பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு கொறஞ்சது 150 நிமிஷம்னு சொல்லுது, அதுக்காக ஒரேயடியா ஒரு மணி நேரம் நடக்கணும்னு இல்ல, சாப்ட்டு முடிச்சு பத்து நிமிஷம்னு மூணு வேளையும் நடந்தாலே வாரத்துல தாண்டிரும். வளவுல (வரிசையா வீடு இருக்க காம்பவுண்டுல) குடியிருக்கவங்க மாடில நாலு வீட்டு ஆளுங்க சேந்து நடந்திய, ஊரடங்கப்போ அங்க மாஸ்க்கும் இடைவெளியும் வேண்டியிருந்துச்சு, நட முடிஞ்சதும் சுவத்துல சாஞ்சு நின்னு ஒரு மணி நேரம் பேச்சு ஓடுச்சே, அங்கதான் கொரோனா ஒட்டுச்சு.

நட மட்டும் பத்தாது, வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு வேல குடுக்கணும். ஜிம்மு பூட்டிக் கெடந்தா என்ன, கை வச்ச சேர் வேண்டாம், சாதா மர சேர் ஒண்ணு சுவத்தோட சேத்துப் போட்டு, கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு, எந்திரிச்சு உக்காருங்க, பத்து தடவ, கொஞ்சம் நின்னுட்டு இன்னொரு பத்து. எந்திரிக்கப்போ வேகமா, உக்காரப்போ பைய, தொப்புன்னு விழக்கூடாது, அந்த பைய உக்காருததுலதான் தொடைக்கு வேலையே. மொழங்கால் வலி இருக்கவங்க சேர் மேல ஒரு தலகாணி போட்டு ஒயரத்த ஏத்திக்கோங்க. அடுத்தது சுவத்துல கைய ஊனி தள்ளுறது, அது சுளுவா ஆனதும் அடுப்பு மேடைல. ரெண்டு லிட்டர் பாட்டில்ல தண்ணி ரொப்புனா அது ரெண்டு கிலோ டம்பெல்ஸ், கொடத்துல அஞ்சு லிட்டர் ஊத்தி தூக்குனா அஞ்சு கிலோ சொச்சம், ஆனா குறுக்க (இடுப்ப) வளச்சு தூக்காதீங்க, மொழங்கால மடக்கி கொடத்த ஒடம்போட ஒட்டித் தூக்கணும், இல்லன்னா குறுக்கு பிடிச்சு ஒரு வாரம் பாயிலதான்.

மொத வாரம் ரெண்டு கிலோ கொறஞ்சா துள்ளாதீங்க, அதுல முக்காவாசி தண்ணி. அதுக்கப்புறம் வாரத்துக்கு அரக்கிலோ போனாலே நல்ல கணக்கு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்ல நோண்டுனா அதுவும் நடக்காது, தூக்கம் கொறஞ்சா மறுநாள் பசி கூடும். கபசுரக் குடிநீர், அந்த சித்த மருந்துக் கசாயம், வெயிட்ட கொறைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வெந்நில எலுமிச்சம்பழம், தேனுக்கும் அந்தப் பெருமை கெடையாது.

இப்ப கொரோனாவுல எளச்சவங்க. நான் மேல சொன்னதுல கொறைக்க வேலைய நீங்க விட்டுருங்க, ஒங்களுக்கு சேக்குறதுதான் வேல. காய்ச்சல், இருமல், அசதி எல்லாம் போயி கொறஞ்சது ஒரு வாரமாவது ஒண்ணும் இல்லாம இருக்கணும், அதுக்குப் பெறவுதான் நட, அதுவும் வீட்டுக்குள்ள அஞ்சு நிமிஷத்துல தொடங்கி பைய ஏத்துங்க, ஆஸ்பத்திரில கெடந்தவங்க டாக்டர கேட்டுட்டு. நடக்கப்போ நெஞ்சு வலி, படபடப்பு, தல சுத்தல் வந்தா அங்கனயே உக்காந்துருங்க, விரல்ல மாட்டுற மெஷின்ல ஆக்சிஜன் 94க்கு கீழ எறங்குனா தாமதிக்காம காட்டுங்க. ருசி இன்னும் திரும்பலன்னா மூணு வேளைய அஞ்சு வேளையா பிரிச்சு, உளுந்தங்கஞ்சில தேங்காப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் குடிங்க, முட்ட, பாலு, சாளமீன் (மத்தி) கொழம்புன்னு எது தொண்டைல எறங்குதோ அது. சேர்ல எந்திரிச்சு உக்காருதது ஒங்களுக்கும் உண்டு, அஞ்சு தடவைல தொடங்குங்க, படுத்தே கெடந்து போன தசை சும்மா சாப்பிட்டா மட்டும் வராது. ஆஸ்பத்திரில ஸ்டீராய்டு குடுத்திருந்தா அகோரப் பசியும் எடுக்கும் சுகரும் ஏறும், முன்னாடி சுகர் இல்லாதவங்களும் ஒரு தடவ ரத்தம் பாத்துருங்க.

ஏற்கனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கவங்க யாரா இருந்தாலும், சாப்பாட்ட கொறச்சு நடைய கூட்டதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு போன் போட்டு சொல்லிருங்க, மருந்து பழைய அளவுலயே இருந்து சோறு மட்டும் கொறஞ்சா மாடிலயே மயங்கி விழ வாய்ப்பு இருக்கு, நடக்கப்போ சட்டப் பைல ரெண்டு மிட்டாய் கெடக்கட்டும்.