வாடகை வீட்டுச் சமையலறை: ஓனர் எதைக் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

சுவரோடு சேர்ந்து நிற்பதையெல்லாம் நாம் கொடுக்க வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடியதைக் குடி வருகிறவர்கள் கொண்டுவரட்டும். சென்னை தாம்பரத்துக்குப் பக்கத்தில், சேலையூரில் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட ஆரம்பித்ததில் இருந்து நான் பின்பற்றுவது இதுதான். மாடியில் இரண்டு படுக்கையறை போர்ஷன் ஒன்று, அதற்கு மேலே மொட்டை மாடியில் ஒற்றை அறையும் சின்ன சமையலறையும். முதன்முதலாக வீட்டை வாடகைக்கு விடப்போகும் உங்களைப் போன்றவர்களுக்காக, நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் யாருக்கு விடப்போகிறீர்கள் என்று பாருங்கள். குடும்பமாக வருகிறவர்களிடம் மிக்ஸி, கிரைண்டர், அடுப்பு எல்லாம் இருக்கும். 2011-ல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்திலேயே லட்சக்கணக்கான வீடுகளுக்கு மிக்ஸியும் கிரைண்டரும் ஃபேனும் போய்ச் சேர்ந்துவிட்டன. தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு மாற்றலாகி வருகிற குடும்பங்கள் ஒரு லாரி நிறையச் சாமானோடு வந்து இறங்குவார்கள். நம் ஃப்ரிட்ஜ் ஏற்கெனவே அங்கே நின்றால் அவர்களுடையதை எங்கே வைப்பது? ஆகவே குடும்ப போர்ஷனில் பொருள் எதுவும் வேண்டாம், இடம்தான் வேண்டும்.

தனியாக வருகிறவர்கள் கதை வேறு. மேல் அறையில் இருந்த ஒரு நர்ஸ், நைட் டூட்டி முடிந்து வந்து இரண்டு நாளைக்கும் சேர்த்து ஒரே தடவையில் சமைப்பார். கடையில் மாவு பாக்கெட் வாங்கிக்கொள்வதால் கிரைண்டர் அவருக்குத் தேவையில்லை. அந்த மாவை வைக்க ஃப்ரிட்ஜ் இல்லாமல் முடியாது. ஊர் விட்டு ஊர் வந்து முதல் மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்கும் பெண்ணை, அட்வான்ஸும் கொடு, ஃப்ரிட்ஜும் வாங்கு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் அந்த அறைக்கு ஒரு சின்ன ஃப்ரிட்ஜும் ஒரு இண்டக்ஷன் அடுப்பும் நான் கொடுக்கிறேன். அதற்கு மேல் எதுவும் இல்லை.

ஆனால் நம் வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய ஃப்ரிட்ஜை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். கதவு ரப்பர் தளர்ந்த ஃப்ரிட்ஜ் ஓயாமல் ஓடும், அந்த கரண்ட் பில்லை அவர்கள்தானே கட்டப்போகிறார்கள். நல்லதாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் கொடுக்கவே வேண்டாம்.

வாடகையில் எவ்வளவு கூட்டலாம்? 15,000 ரூபாய் ஃப்ரிட்ஜ் பத்து வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் மாதம் 125 ரூபாய்தான் ஆகிறது. ரிப்பேருக்கும் சேர்த்து 250 ரூபாய் கூட்டினால் போதும். ஒரு ஃப்ரிட்ஜைக் காட்டி ‘செமி ஃபர்னிஷ்டு’ என்று ஆயிரக்கணக்கில் ஏற்றுவது நியாயமில்லை. வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தும் வாங்காதீர்கள். வீட்டு வாடகை வருமானத்தில் பராமரிப்புக்கென்று வருமான வரிச் சட்டம் கொடுப்பது 30 சதவீதக் கழிவு. நீங்கள் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் அது அவ்வளவுதான்.

இனி, நாம் கட்டாயம் செய்து கொடுக்க வேண்டியவை. பலரும் கோட்டை விடுவது பிளக் பாயிண்டில்தான். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதைப் போய் 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் சூடேறி உருகும். பழைய வீடுகளின் சமையலறையில் மேடைக்கு மேலே ஒரே ஒரு சின்ன பாயிண்ட்தான் இருக்கும். அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி மிக்ஸி, கெட்டில், அடுப்பு என்று எல்லாவற்றையும் ஓட்டுவார்கள், பக்கத்திலேயே சிங்க் தண்ணீர் தெறித்துக்கொண்டிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மேடைக்கு மேலே குறைந்தது இரண்டு 16 ஆம்பியர் பாயிண்ட், மிக்ஸிக்குத் தனியாக ஒரு 6 ஆம்பியர், ஃப்ரிட்ஜ் நிற்கும் மூலையில் ஒன்று என்று போடச் சொல்லுங்கள். 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயருக்குக் குறையக் கூடாது. எர்த் சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைத்துவிடும் ஸ்விட்ச்) இல்லையென்றால், வேறு எந்தச் செலவுக்கும் முன்னால் அதைப் போடுங்கள். ஈரக்கையோடு ஸ்விட்ச் போடும் இடம் சமையலறை. ஷாக் அடித்தால் உயிரைக் காப்பாற்றுவது அதுதான்.

அடுத்தது கேஸ். சிலிண்டரை ஓனர் கொடுக்கக் கூடாது. கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில்தான் அது இருக்க வேண்டும். குடி வருகிறவர் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டித் தன் பெயரிலேயே கனெக்ஷன் வாங்கிக்கொள்ளலாம், நாம் ஒப்பந்தத்தை ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தால் போதும். நம் வேலை சிலிண்டருக்கு இடம் செய்வது. மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடியிருக்கிறீர்கள் என்றால், கதவின் கீழ்ப்பக்கம் காற்றுத் துவாரம் கட்டாயம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் அதற்கு உதவாது. மேடைப் பக்கச் சுவரில் 1906 என்ற கேஸ் கசிவு உதவி எண்ணையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் கொடுங்கள். சிம்னி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நம் தாளிப்புக்கும் பொரியலுக்கும் சிம்னி ஃபில்டரை மாதம் ஒரு முறையாவது கழுவ வேண்டும், யார் கழுவுவது என்பதில்தான் சண்டை வரும். ஆர்ஓ மெஷினும் நான் வைப்பதில்லை. அது சுத்திகரிக்கும் தண்ணீரைவிட வெளியே தள்ளுவது அதிகம், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் எங்கள் தெருவில் அது கட்டாது. அதற்கு ஒரு குழாய் இணைப்பும் பிளக்கும் மட்டும் விட்டிருக்கிறேன், வேண்டியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம் எழுத்து. ஃப்ரிட்ஜ் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கொடுத்தால் அதன் ரிப்பேர் யார் பொறுப்பு என்பதுதான் பிரச்சினை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. சுவர், குழாய், வயரிங் போன்ற பெரிய வேலைகள் ஓனருக்கு. குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர், சமையலறைப் பொருத்துகளின் ரிப்பேர் குடியிருப்பவருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரியும் எழுதிக்கொள்ளலாம். நான் எழுதுவது இப்படி: “ஃப்ரிட்ஜ், இண்டக்ஷன் அடுப்பு இரண்டும் உரிமையாளருடையவை. தானாகப் பழுதானால் உரிமையாளர் ஒரு வாரத்துக்குள் சரிசெய்து கொடுப்பார். கீழே விழுந்தோ, உடைந்தோ பழுதானால் குடியிருப்பவர் சரிசெய்வார்.” கம்பெனி, மாடல், வாங்கிய வருடம், ஏற்கெனவே இருக்கும் கீறல் வரைக்கும் ஒப்பந்தத்தோடு இணைக்கும் தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். சாவி கொடுக்கும் அன்றே அவர்கள் போனில் அவர்களே போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

காலி செய்யும்போது அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு பேருமாக ஒவ்வொன்றையும் ஓட விட்டுப் பாருங்கள். நாள்பட்ட உபயோகத்தில் மங்கிய நிறத்துக்கும் தேய்ந்த குமிழுக்கும் அட்வான்ஸில் கை வைக்கக் கூடாது. உடைந்திருந்தால் கடை ரசீதைக் காட்டி அந்தத் தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு, மீதியைச் சாவி வாங்கும்போதே கொடுத்து அனுப்புங்கள். அடுத்தவர் வரும்வரை ஃப்ரிட்ஜை அணைத்து, உள்ளே துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தபடி வையுங்கள், பூஞ்சை பிடிக்காது.