பந்தயப் படகின் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்: பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியோ கண்ட்ரோல் பந்தயப் படகு கட்டுகிறவர்கள் மோட்டாரையும் பேட்டரியையும் பல நாள் யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஷாஃப்டை மட்டும் கடைசி அரைமணி நேரத்தில் சொருகிவிட்டுத் தண்ணீரில் விடுகிறார்கள். 4 செல் லிப்போ பேட்டரியின் 14.8 வோல்ட்டில் 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) மோட்டார் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று சுற்றும். அந்தச் சக்தி முழுவதும் ப்ரொப்பெல்லருக்குப் போவது ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் என்னும் ஒரு மெல்லிய கேபிள் வழியாகத்தான். கேபிள் எங்காவது உரசினால் மோட்டார் சுடும், ஸ்பீட் கண்ட்ரோலர் சுடும். பழி மோட்டார் மேல் விழும், புது மோட்டார் வாங்குவோம், அதுவும் சுடும்.

இங்கே சொல்வது 70, 80 செ.மீ. நீளமுள்ள, அடிப்பாகம் ‘வி’ வடிவில் இருக்கும் மோனோ (ஒற்றை உடல்) படகுக்கு. கேபிள் 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ.

பாதித் தவறுகள் கேபிளைத் திடமான கம்பி என்று நினைப்பதால் வருகின்றன. அது கயிறு மாதிரி, எஃகு இழைகளை அடுக்கடுக்காகச் சுற்றிச் செய்தது. ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கையில் எடுத்து, புரி போகும் திசையிலேயே முறுக்கிப் பாருங்கள். இறுகும், நீளம் குறையும். எதிர்த்திசையில் முறுக்கினால் புரி பிரிந்து பருக்கும். கேபிளும் இதையேதான் செய்கிறது.

முதலில் இடைவெளி. படகின் பின்பக்கத்தில் ஷாஃப்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும் ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் ட்ரைவ் டாகுக்கும் நடுவே கொஞ்சமும் இடம் விடாமல் ஒட்டி வைக்கிறார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும், கையால் சுற்றினால் லேசாகவும் சுற்றும். தண்ணீரில் முழு வேகம் கொடுத்ததும் கேபிள் இறுகிக் குட்டையாகி, ட்ரைவ் டாகை ஸ்ட்ரட்டின் மேல் இழுத்து அழுத்தும். பிரேக் போட்ட மாதிரிதான். கேபிளின் விட்டம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு இடைவெளி விடுங்கள். இந்தக் கேபிளுக்கு 4 முதல் 5 மி.மீ. ஓடி வந்தபின் ஸ்ட்ரட்டின் முகத்தில் புதிதாகப் பளபளப்பான வளையம் தெரிந்தால் அது போதவில்லை என்று பொருள்.

அடுத்தது திசை. வழக்கமான பந்தய ப்ரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும். வழக்கமான கேபிளும் அந்தத் திசையில் இறுகும்படி சுற்றப்பட்டது. மோட்டார் மாறிச் சுற்றினால் வெளி அடுக்கு பிரிந்து பருத்து, கேபிள் ஓடும் குழாய்க்குள் இறுகிக்கொள்ளும், ஒரு நொடி போதும். ஆகவே கேபிளை மோட்டாரோடு இறுக்கிப் பிடிக்கும் காலெட்டில் மாட்டுவதற்கு முன்பே மோட்டாரைத் தனியாகச் சுற்றிப் பாருங்கள். தவறாகச் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் சரி. ஸ்பீட் கண்ட்ரோலரில் ரிவர்ஸையும் பிரேக்கையும் அணைத்துவிட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் நிற்கும், ப்ரொப்பெல்லர் இன்னும் சுற்றத் துடிக்கும். நடுவில் மாட்டிய கேபிள் எதிர்த்திசையில் முறுக்குப்படும். இரண்டு ப்ரொப்பெல்லரும் எதிரெதிராகச் சுற்றும் இரட்டை மோட்டார் படகாக இருந்தால், ஒரு பக்கத்துக்கு மாற்றுப் புரிக் கேபிள் கேட்டு வாங்க வேண்டும்.

குழாயில்தான் பொறுமை அதிகம் வேண்டும். பித்தளைக் குழாயை முதலில் எபாக்ஸி பசை வைத்து ஒட்டிவிட்டு, அப்புறம் மோட்டாரை அதற்கு ஏற்றாற்போல் நகர்த்துவது பெரிய தவறு. மோட்டார், காலெட், குழாயின் முன்முனை மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். வளைவு அதற்குப் பிறகுதான், அதுவும் மெல்ல நீண்டு போக வேண்டும். குழாயை அப்படியே கையில் வளைத்தால் மடிந்து நசுங்கும். மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி, ஆறியபின் வளைத்தால் பித்தளை சொன்னபடி கேட்கும். உள்ளே டெஃப்லான் லைனர் (உள் உறை), கேபிள் எல்லாம் போட்டு, ப்ரொப்பெல்லரை இரண்டு விரலால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் ஒரே மாதிரி லேசாக இருந்தால் மட்டும் எபாக்ஸி. குழாயின் நடுவே ஒரு சிறு ப்ளைவுட் தாங்கி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் முழு வேகத்தில் குழாயே அதிரும்.

காலெட்டில் கேபிள் நழுவுவதற்குப் பெரும்பாலும் காரணம் கிரீஸ்தான். பிடிபடும் முனையை ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்து, காலெட்டின் பிடி முழுவதும் நிரம்பும்படி உள்ளே செலுத்தி, இரண்டு ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள். அவசரத்தில் துடைக்காமல் மாட்டி, ஷாஃப்டும் ப்ரொப்பெல்லரும் ஏரியின் அடியில் போன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து காலெட்டின் வாயருகே கேபிளில் மார்க்கரால் ஒரு கோடு போடுகிறேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கேபிளைக் கட்டிங் ப்ளையரால் வெட்டாதீர்கள், இழைகள் விரிந்துவிடும். வெட்டும் இடத்தில் சூப்பர் க்ளூ ஊறவிட்டு, சுழலும் கட்டிங் டிஸ்கால் அறுக்க வேண்டும்.

தண்ணீர் புகாத மரைன் கிரீஸ் தடவுவதை யாரும் மறப்பதில்லை. ஓடி முடிந்த அன்றே கேபிளை உருவித் துடைப்பதைத்தான் மறக்கிறார்கள். உள்ளேயே விட்டால் துரு பிடிக்கும், அடுத்த வாரம் அறுந்துபோகும். உருவும்போது அதை ஊன்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கருத்தோ தேய்ந்தோ இருந்தால், அதற்கு நேரே குழாயில் வளைவு சரியில்லை. ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். கரையில் வைத்து முழு வேகத்தில் சுற்றிக் காட்டுவதும் வேண்டாம், சுமை இல்லாத வேகத்தில் லைனர் சூடேறி உருகும்.

ஸ்ட்ரட்டின் கோணத்தைப் படகின் அடித்தளத்துக்கு இணையாக, பூஜ்ஜியத்தில் தொடங்குங்கள். ப்ரொப்பெல்லர் முனை தாழ்ந்தால் படகின் பின்பக்கம் தூக்கும், மூக்கு அமுங்கும். உயர்ந்தால் மூக்கு எழும். ஒரு டிகிரிக்கு மேல் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம். ஸ்ட்ரட்டை நகர்த்தினால் குழாயின் வளைவும் நகரும், விட்டு வைத்த இடைவெளியும் மாறும். அதனால் மறுபடி கேபிளைத் தளர்த்தி, இடைவெளியை அளந்து, மார்க்கர் கோட்டையும் புதிதாகப் போட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும்.