தேதி தள்ளிப்போவதெல்லாம் கோளாறு இல்லை

"போன மாசம் 5-ஆம் தேதி வந்துச்சு, இந்த மாசம் 7 ஆகியும் காணோம்." பல வீடுகளில் பதற்றம் இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது. ஆனால் மாதவிடாய்க்கும் காலண்டர் தேதிக்கும் சம்பந்தமே கிடையாது. எண்ண வேண்டியது நாட்களை. ரத்தப்போக்கு தொடங்கிய நாளை 1 என்று வைத்துக்கொண்டு, அடுத்த முறை தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை எண்ண வேண்டும். சிலர் ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுவார்கள். அதனால் ஐந்தாறு நாள் குறைவாகத் தெரியும். 33 நாளுக்கு ஒருமுறை வருகிற பெண்ணுக்குத் தேதி நகர்ந்துகொண்டேதான் போகும். 23 நாளுக்கு ஒருமுறை என்றால் 2-ஆம் தேதி வந்தது 25-ஆம் தேதி மறுபடி வரும். "மாசத்துக்கு ரெண்டு தடவை வருது" என்று பயப்படுவார்கள். இரண்டு பெண்களுக்குமே சீராகத்தான் வருகிறது.

வயதுக்கு வந்த புதிதில் கணக்கே வேறு. மூளையும் சினைப்பையும் ஹார்மோன் வழியாகப் பேசிப் பழக ஓரிரு வருடம் ஆகும். அதுவரை பல மாதங்களில் கருமுட்டை வெளியாகாது. முட்டை வெளியானால்தான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதுமான அளவு சுரந்து, கருப்பையின் உட்சவ்வை நிலைப்படுத்தி, பிறகு ஒரே சமயத்தில் உதிரச் செய்யும். அது இல்லாதபோது உட்சவ்வு வளர்ந்துகொண்டே போய், நினைத்த நேரத்தில் உதிரும். தள்ளித் தள்ளி வருவதும், வந்தால் கொட்டுவதும் இதனால்தான். முதல் வருடத்தில் இந்தத் தாறுமாறு சகஜம். அதற்கடுத்த இரண்டு வருடங்களில் 21 முதல் 45 நாள் வரை இயல்பு என்றும், மூன்று வருடம் கடந்தபின் 21 முதல் 35 நாள் வரை இயல்பு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, "சின்னப் பொண்ணுதானே, தானா சரியாகிடும்" என்று எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிடலாமா? கூடாது. 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வரவில்லை என்றாலும், மார்பக வளர்ச்சி தொடங்கி மூன்று வருடம் ஆகியும் வரவில்லை என்றாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வந்துகொண்டிருந்தது 90 நாளுக்கு மேல் வராமல் போனால், அது ஒரே ஒரு முறைதான் என்றாலும் பார்க்க வேண்டும். ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, மணிக்கொரு நாப்கின் நனைவது, பெரிய கட்டிகளாகப் போவது ஆகியவையும் அப்படித்தான். வான் வில்லிபிராண்ட் என்ற ரத்தம் உறையாமைக் குறைபாடு சில பெண்களுக்கு முதன்முதலாகத் தெரியவருவதே இப்படித்தான். "எனக்கும் அந்த வயசுல அப்படித்தான் போச்சு" என்று அம்மா சொல்வது ஆறுதல்போல் தெரியலாம். பரம்பரையாக வரும் குறைபாடு என்பதால் அதுவே ஒரு தடயமாகவும் இருக்கலாம்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறுக்கு ஒட்டப்படும் 'நீர்க்கட்டி' முத்திரைதான். பெயரே தவறு. ஸ்கேனில் தெரிகிறவை கட்டிகள் அல்ல, சினைப்பைக்குள் முட்டையைத் தாங்கியிருக்கும், வளர்ச்சி பாதியில் நின்ற சிறு பைகள். டீன் ஏஜில் ஆரோக்கியமான பெண்கள் பலருக்கும் சினைப்பை இப்படித்தான் தோன்றும். அதனால்தான் 2023-இல் வெளியான சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டி, இந்த வயதில் ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்ட வேண்டாம் என்கிறது. அந்த முடிவுக்கு வர மாதவிடாய் ஒழுங்கின்மையும், ஆண் ஹார்மோன் மிகுதிக்கான அடையாளமும் (முகத்தில் கரடுமுரடான முடி, கடுமையான முகப்பரு, அல்லது ரத்தப் பரிசோதனையில் கூடுதல் அளவு) இரண்டும் வேண்டும். அப்போதும் தைராய்டு கோளாறு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) மிகுதி போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்த பிறகுதான். ஒரு ஸ்கேன் தாளை வைத்துக்கொண்டு 16 வயதுப் பெண்ணிடம் "குழந்தை பிறக்காது" என்று பயமுறுத்துகிறவர்களை என்ன சொல்ல! பிசிஓஎஸ் உறுதியானவர்களிலும் பெரும்பாலோர் தாயாகிறார்கள்.

நேர் எதிர்த் தவறும் உண்டு. எடை குறைக்கக் கடுமையாகப் பட்டினி கிடக்கிற பெண்ணுக்கோ, ஓட்டப் பயிற்சியில் இருக்கிற பெண்ணுக்கோ மாதவிடாய் நின்றால், "தொல்லை விட்டது" என்று யாரும் கண்டுகொள்வதில்லை. உடலுக்குப் போதிய சக்தி கிடைக்காதபோது மூளை மாதவிடாயை வரவழைக்கும் வேலையை நிறுத்திவைக்கிறது. எலும்பைக் காக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு வலுப்பெற வேண்டிய வயதில் வலுவிழக்கிறது.

அப்புறம் மாத்திரை. தெரிந்தவர் சொன்னார் என்று கடையில் வாங்கிப் போட்டு வரவழைப்பது வேண்டாம். ஹார்மோன் மாத்திரையை நிறுத்தியதும் வருகிற ரத்தம், மருந்து நின்றதால் வருவது. காரணம் அப்படியே உள்ளே இருக்கும். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அது வேறு விஷயம். உட்சவ்வு அளவுக்கு மீறித் தடிக்காமல் காக்கவும் அதே மாத்திரை உதவும்.

மருத்துவரிடம் போகும்போது கடைசி ஐந்தாறு முறை தொடங்கிய தேதிகள், எத்தனை நாள் நீடித்தது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், சாப்பிடுகிற மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். போக்கு அதிகம் என்றால் ஹீமோகுளோபினோடு, இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். கூட வருகிற அம்மாவோ அக்காவோ ஐந்து நிமிடம் வெளியே உட்கார்வது நல்லது. நாள் தள்ளிப்போனால் கர்ப்பமா என்றும் மருத்துவர் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்கு வீட்டார் எதிரில் எந்தப் பெண்ணும் மனம்விட்டுப் பதில் சொல்ல மாட்டாள்.